சிவப்புக் கோடு வரைக்கும்

அந்தோணிசாமி எதையும் சும்மா செய்துவிடுகிற மனிதர் அல்ல. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் திட்டப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் போட்ட திட்டம் எதுவும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை; ஆனால் திட்டங்கள் அழகாக இருந்தன, பக்க எண்ணோடு இருந்தன. ஓய்வுக்குப் பிறகு மட்டும் கை சும்மா இருக்குமா? சிட்லபாக்கம் வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட ஒரு கால அட்டவணை ஒட்டப்பட்டது. தாம்பரத்தில் ஓய்வூதியர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ஞாயிறு தவிர தினமும் பதினோரு மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்புவார், ஒன்றரைக்குத் திரும்புவார். அங்கே அப்படி என்னதான் நடக்கிறது என்று மனைவி பேபி ஒருமுறை கேட்டாள்.

"அடுத்த கூட்டத்தை எப்ப வைக்கிறதுன்னு இன்னிக்கு ஒரு கூட்டம் போட்டோம்" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி வராது.

பேபிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பேபிதான். ஞானஸ்நானப் பெயர் வேறு ஏதோ நீளமாக உண்டு. தலையில் தண்ணீர் ஊற்றிய சாமியாருக்கே மறந்திருக்கும். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டவை மூன்று. ஒரு நாய்க்குட்டி, ஒரு கிளி, ஹாலில் ஒரு ஊஞ்சல். நாய் உடனே நிராகரிக்கப்பட்டது. கிளி சட்ட விரோதம். ஊஞ்சல் பதினெட்டு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது.

நாலாவதை அவள் கேட்டது போன ஆகஸ்டில், ஆஸ்பத்திரியில்.

டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். இரைப்பையில் கட்டி, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, ஆறு மாதம். "சாப்பாடு, தண்ணி எவ்வளவு இறங்குதோ அவ்வளவு போதும். வற்புறுத்தாதீங்க" என்றார். அந்தோணிசாமி அரைப் பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த அழுகை.

வெளியே வந்தபோது பேபி காத்திருப்போர் நாற்காலியில் இல்லை. சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர், கல், நீல விளக்கு, இரண்டு ஆரஞ்சு மீன். அதன் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். கல்லின்மேல் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பவளம். விரல் விரலாக நூறு கை. ஒவ்வொரு கையும் மூடியது, திறந்தது, மூடியது.

"இதப் பாருங்களேன். நம்மள வா வான்னு கூப்பிடுதா, போ போன்னு சொல்லுதா?"

"அது நீரோட்டத்துக்கு ஆடுது. வா, ஆட்டோ நிக்குது."

"நம்ம வீட்ல இதே மாதிரி ஒண்ணு வைக்கலாமா?"

"வைக்கலாம்" என்றார் அந்தோணிசாமி.

பேபி நிமிர்ந்தாள். அவரையே பார்த்தாள். பரிசீலனை இல்லை, துணைக்குழு இல்லை, முழுசாக ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஏங்க, டாக்டர் அவ்வளவு மோசமாவா சொன்னாரு?"

"சீச்சீ. வயித்துல புண்ணுதான். தண்ணி நிறைய குடிச்சா ஆறிடுமாம்."

ஒரு பொய் சொன்னால் அதற்குக் கை கால் வைத்து நடக்கவிட்டாக வேண்டும். தண்ணீர் என்று வாய் தவறிச் சொல்லியாயிற்று. என்ன தண்ணீர், எத்தனை, எப்போது? மறுநாள் காலை ஏரிக்கரை நடையில் விடை கிடைத்தது. கொடுத்தவர் பொன்னுரங்கம். ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல் விளைந்த இடத்தில் இன்று மூன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. விவசாயம் போன பிறகு அவர் வைத்தியத்தில் இறங்கிவிட்டார். நோயாளியை அவர் தேடிப் போக வேண்டியதில்லை, காலை ஆறு மணிக்கு ஏரியைச் சுற்றி அத்தனை பேரும் அவரை நோக்கியே நடந்து வருவார்கள்.

"செம்புச் சொம்புய்யா. ராத்திரி ஊத்தி வை, பகல்ல குடிக்கச் சொல்லு. எங்க சித்தப்பாவுக்கு நெல்லிக்கா அளவு கட்டி. ஆறே மாசம். டாக்டரு ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கட்டி எங்கடான்னு எங்களையே கேக்கறான்!"

மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு விண்ணப்பத்தை நகர்த்தாத அந்தோணிசாமி, இதற்கு ஒரு சான்றும் கேட்கவில்லை. அன்று மாலையே ஒரு லிட்டர் செப்புச் சொம்பு வந்தது. தினமும் சாயங்காலம் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டும் என்று வேலைக்கு வரும் பச்சையம்மாவுக்கு உத்தரவானது. ராத்திரி அவரே நீர் நிரப்பிக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைப்பார். சங்கத்திலிருந்து திரும்பியதும் முதல் வேலை, சொம்பைக் கவிழ்த்துப் பார்ப்பது. காலி. சுவரில் ஒட்டிய தாளில் ஒரு டிக். டிக் விழ விழ அவருக்குத் தெம்பு கூடியது. ஆறு மாதமாவது, ஒன்றாவது! பொன்னுரங்கத்தின் சித்தப்பா உயிரோடுதானே இருக்கிறார்?

(சித்தப்பா இரண்டு வருஷம் முன்பே காலமானது பின்னால் தெரிந்தது. கட்டியினால் இல்லையாம், பஸ் மோதியாம். பொன்னுரங்கம் அதையும் வெற்றியாகவே சொன்னார்.)

இனித் தொட்டி.

வேறு ஆளாக இருந்தால் நேரே கிழக்குத் தாம்பரம் கடைக்குப் போய், "இப்படி ஒண்ணு வேணும்" என்று கேட்டிருப்பான். அந்தோணிசாமி முதலில் படித்தார். பிறகு எழுதினார். 'வீட்டளவிலான சிறு கடல்நீர்ப் பவளத் தொட்டி: முதற்கட்டச் சாத்தியக்கூறு அறிக்கை', பதினான்கு பக்கம், இரண்டு இணைப்பு. தொட்டியை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதற்கே மூன்று மாற்று யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் நிறை குறை. வாரங்கள் போயின. பேபி கட்டிலை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள். மாடிப்படியும் உள்ளறையும் தூரமாகிவிட்டன.

"செக்ரட்டரி சார்," என்றாள் ஒருநாள், "அறிக்கையை மூடிட்டு ஒரு பக்கெட் தண்ணி ஊத்துவீங்களா, இல்ல என் படத்துக்கு மாலை போட்டப்புறம் ஊத்துவீங்களா?"

"இது அவசரப்படுற விஷயம் இல்ல பேபி. கடலை வீட்டுக்குள்ள கொண்டு வர்றோம்."

"கடல் கோவளத்துலயே இருக்குதுங்க. போற வழியில யாரும் அறிக்கை கேக்க மாட்டாங்க."

அக்டோபர் முதல் வாரத்தில் தொட்டி வந்தது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம். கொண்டுவந்தவன் கடைக்காரன் ஹர்ஷா. முப்பது வயது, நெஞ்சில் திருக்கை மீன் போட்ட பனியன். 'தென்சென்னை ரீஃப் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உறுப்பினர். அதில் தொட்டி வைத்திருப்பவர்கள் முப்பது தேறுவார்கள், மற்றவர்கள் குட்மார்னிங் போடுவார்கள். ஹர்ஷா வந்ததுமே இது வெறும் மீன் தொட்டி இல்லை, ஒரு வாழ்க்கை முறை என்று ஆரம்பித்தான். பேச்சில் சரியான ஜோடி அமைந்துவிட்டது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்று விற்கும் கடலுப்பைக் கலந்தார்கள். கல்லுப்பு உதவாதாம். காய்ந்த பவளக்கல்லை அடுக்கினார்கள். உயிருள்ளது எதுவும் இப்போது கூடாது. முதலில் தண்ணீரில் நல்ல கிருமி பெருக வேண்டும், அதற்கு ஏதாவது அழுக வேண்டும் என்றான் ஹர்ஷா. அந்தோணிசாமி தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரே ஒரு இறால் கேட்டார். மீன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, காசே வாங்காமல் கொடுத்தாள்.

"குழம்புக்குப் போட வேண்டியதைத் தண்ணியில போட்டு அழுக வைக்கிறீங்க," என்றாள் பேபி. "இதுக்கு எத்தனை நாளு?"

"ஆறு வாரம் ஆகும்."

பேபி விரலை மடக்கி எண்ணினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ஆகட்டும். அந்த இறாலாச்சும் நல்லா இருக்கட்டும்."

தொட்டித் தண்ணீர் ஆவியாகக் குறையும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதனால் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி அளவைச் சரிக்கட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. அந்தோணிசாமிக்கு இதில் ஒரு நிர்வாகக் குறைபாடு தெரிந்தது. அக்ரிலிக் தகட்டில், சரிவாக, மேலே படியும் நீர் வழிந்து உள்ளேயே விழுகிற மாதிரி ஒரு மூடியை வரைந்து, செய்து, பொருத்தினார். கண்ணாடியில் சிவப்பு மார்க்கரால் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார். அதன்பின் வீட்டாருக்கு வாய்மொழி ஆணை: தொட்டியை யாரும் தொடக் கூடாது.

மாலை ஆறு மணிக்குக் குனிந்து பார்த்தார். தண்ணீர் கோட்டில் நின்றது. மறுநாளும் கோட்டில். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மயிரிழை இறங்கவில்லை. குழுவில் படத்தோடு பதிவு போட்டார்: 'இழப்பு பூஜ்யம்'. கைதட்டுகிற பொம்மைகள் நாற்பது வந்தன. அவர் ஓய்வு பெற்ற அன்றுகூட அத்தனை கை தட்டவில்லை.

நவம்பர் மழையில் ஏரி நிரம்பித் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. டிசம்பரில் இரண்டு ஆரஞ்சு க்ளவுன் மீன்கள் வந்தன. பேபி உடனே பெயர் வைத்தாள். பெரியது செக்ரட்டரி, சின்னது ஜாயின்ட் செக்ரட்டரி. "பாருங்க, ரெண்டும் ஒரு வேலையும் செய்யாம எவ்வளவு வேகமா சுத்துதுங்க!" சிரித்தால் அவளுக்கு வயிற்றைப் பிடிக்கும், பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

மகள் ஜாஸ்மின் கூடுவாஞ்சேரியிலிருந்து ஞாயிறுதோறும் வருவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்தோணிசாமி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு மீனும் திடீரென்று மேலே வந்து, கட்டில் பக்கத்து மூலையில், மூடியின் ஓரத்தில் வாயைத் தூக்கிக்கொண்டு நின்றன. அடுத்த ஞாயிறும் அதே பன்னிரண்டு. உச்சிவெயிலின் கோணத்துக்கும் கடலடி உயிர்களின் உள்ளுணர்வுக்கும் முடிச்சுப் போட்டு, 'நண்பகல் எழுச்சி' என்ற தலைப்பில் குழுவுக்கு ஒரு கட்டுரை எழுதினார். பேபிக்கும் படித்துக் காட்டினார்.

"நல்லா இருக்குங்க," என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. வலி என்று நினைத்தார்.

மீன் இருந்தது. மற்றது எதுவும் இருக்கவில்லை.

கண்ணாடிப் பாசியை மேய்வதற்கு விட்ட ஐந்து நத்தைகள் பத்து நாளில் மல்லாந்தன. சிவப்புக் கோடு போட்ட ஓர் அழகான இறால் வந்தது. மூன்றாம் நாள் தன் நிழல்மேல் படுத்துக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஹர்ஷா அந்தப் பவளத்தைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரித் தொட்டியில் இருந்த அதே ரோஜாநிறக் கைகள். "கடினப் பவளத்தைத் தொட்டா சட்டம் பிடிக்கும் சார். இது மென்பவளம், பண்ணையில வளர்த்தது. சாகடிக்கிறதுதான் கஷ்டம், அப்படி ஒரு உயிர்."

பேபி தலையணையை நிமிர்த்திக்கொண்டு அன்று முழுக்க அதையே பார்த்தாள். கைகள் மூடியபடியே இருந்தன. மறுநாளும். நாலாம் நாள் அது சளியாகக் கரைந்து கல்லிலிருந்து வழிந்தது.

"இன்னொண்ணு வாங்கலாம்" என்றார். வாங்கினார். அதுவும் கைகளைத் திறக்கவில்லை.

அந்தோணிசாமி விசாரணையைத் தொடங்கினார். யார் யார் மேல் சந்தேகம் என்று பட்டியலானது. பச்சையம்மாவின் பினாயில் நிறுத்தப்பட்டது. கொசுவர்த்தி நிறுத்தப்பட்டது. மாதா படத்துக்கு ஏற்றும் ஊதுபத்திக்கும் தடை. பொங்கலுக்கு அடுத்த நாள் ஹர்ஷாவை நேரில் வரவழைத்து, கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தார்.

"சார், மீன் நல்லா இருக்கு, நத்தை, இறால், பவளம் மட்டும் சாகுதுன்னா..." ஹர்ஷா தலையைச் சொறிந்தான். "தண்ணியில காப்பர் இருக்கா சார்? மீனுக்கு அது மருந்து. மத்ததுக்கெல்லாம் விஷம். துளி போதும்."

"காப்பரா?" அந்தோணிசாமி எழுந்தே விட்டார். "என் வீட்ல எல்லா பைப்பும் பி.வி.சி. ஒயர்கூட வெளிய தெரியாது. மோட்டார்லேர்ந்து குழாய் வரைக்கும் வரைபடம் வெச்சிருக்கேன், காட்டட்டா?"

"இல்ல சார், ஒரு சின்ன டெஸ்ட் கிட் இருக்கு..."

"தம்பி, என்னோட தண்ணியை நீ சந்தேகப்படாத. உன் சரக்கைப் பாரு."

கட்டிலிலிருந்து பேபி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க. காப்பர்னா செம்புதானே?"

"ஆமா. அதெல்லாம் உனக்கெதுக்கு? நீ சொம்புத் தண்ணியைக் குடிச்சியா?"

பேபி ஸ்டூலைப் பார்த்தாள். அதில் சொம்பு வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"குடிச்சிட்டேன்" என்றாள்.

ஹர்ஷா போன பிறகு, அவர் தொட்டி முன்னால் கைகட்டி நின்று தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்: "இது யார் செஞ்ச வேலைன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

"கண்டுபிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"யாரா இருந்தாலும் சரி, இந்த வீட்டை விட்டு அனுப்பிடுவேன்."

பேபி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "கொஞ்ச நாள் பொறுங்க. தானா போயிடும்."

அவர் அதைக் கேட்டார். கல்லைத் திருப்பி வைப்பதில் கவனமாக இருந்தார்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி விடிந்த பிறகு, பச்சையம்மா காபி கொண்டுவந்து கூப்பிட்டபோது பேபி எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் சொம்பும் காலியாகவே இருந்தது. தாளில் டிக் இருந்தது. அன்று சாயங்காலம் அடக்கம். ஓய்வூதியர் சங்கம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. அதில் பேபியின் பெயருக்குப் பதில் அந்தோணிசாமியின் பெயர் அச்சாகிவிட, திருத்தத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றினார்கள். முதலில் அச்சானதுதான் சரி என்று அவருக்குத் தோன்றியது.

ஏழாம் நாள் பூசை முடிந்து ஜாஸ்மினும் கூடுவாஞ்சேரிக்குப் போனாள். மறுநாள் சங்கத்துக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. ஹாலில் காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு. செக்ரட்டரியும் ஜாயின்ட் செக்ரட்டரியும் மேலே வந்து, அதே மூலையில், வாயைத் தூக்கிக்கொண்டு நின்றன.

வெளியே மேகமூட்டம். உச்சிவெயிலும் இல்லை, கோணமும் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு பார்க்காமலே விட்டிருந்த கோட்டை அப்போதுதான் பார்த்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. நடுவில் கண்ணாடியெங்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தார், விரிசல் இல்லை. சரிவு சரியாக இருந்தது. அது நாலு மாதமும் செய்ததையேதான் இப்போதும் செய்துகொண்டிருந்தது, அதாவது ஒன்றும் செய்யவில்லை.

சமையலறைக் குழாயடியில் சரக் சரக்கென்று சத்தம். பச்சையம்மா சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளாக யாரும் குடிக்காத சொம்பு. உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை.

"பச்சையம்மா."

"இன்னா சார்?"

"இந்தத் தொட்டியில யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை.

"சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மாதா மேல சத்தியம் வாங்கிகிச்சு சார் அக்கா. நான் மாரியாத்தா கோயிலுக்குப் போறவ, இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அக்காவே இல்ல. அதான் சொல்றேன். அக்காதான் சார் ஊத்தும். நீ ஆபீசு போனதும் பன்னெண்டு மணிக்கு எழுந்து, சொவுத்தப் புட்சிகினு வரும். நான் ஊத்துறேன்க்கான்னா வுடாது. அந்த மூடியத் தூக்கி, சொம்புத் தண்ணிய மெதுவா, செவப்புக் கோடு வரைக்கும் ஊத்தும். இதுங்க ரெண்டும் ஓடியாரும். அக்கா அதுங்களோட பேசிகினே ஊத்தும். மிச்சம் கீதுன்னா செம்பருத்திச் செடிக்கு."

"சொம்புத் தண்ணியை அவ குடிக்கலையா?"

"எங்க சார் குடிக்கிறது? ரெண்டு வாய் எறங்காது. எறங்குனா அப்டியே வெளிய வரும், உயிரு போய் உயிரு வரும். மொத வாரத்துலயே வுட்டுடுச்சு. சார்கிட்ட சொல்லுக்கான்னேன். 'வேணாம்டி, அந்த மனுசன் காலி சொம்பப் பாத்துட்டுத்தான் சோறு துன்னுது'ன்னுச்சு."

அந்தோணிசாமி பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். வற்புறுத்தாதீங்க என்று அவரே எழுதிக்கொண்ட அரைப் பக்கம், ஆகஸ்டிலிருந்து பாக்கெட் டைரியில் மடங்கிக் கிடந்தது. மேலே வரிசை எண்கூடப் போட்டிருந்தார்.

"அந்தக் கடைக்காரத் தம்பி வந்து செம்பு விஷம்னு சொன்னாரே, அன்னிக்கு ராவுல சாப்டவே இல்ல சார் அக்கா. மக்யா நாள் காத்தால நான் வந்தா ஒரே அழுகை. 'ஆசப்பட்டுக் கேட்டு, நானே கொன்னுட்டேன் பச்சையம்மா. அந்தக் கைய ஒரு தபா தொறந்து பாக்கணும்னு கெடந்தேன், நானே வெஷத்த ஊத்திகினு இருந்திருக்கேன்'னு. அதுக்கப்புறம் தொட்டியில ஊத்தல. எல்லாம் செம்பருத்திக்குத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்டுவிட்டு, அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று அவருக்கே தெரிந்தது. பச்சையம்மா பெரிய மனசு பண்ணி அதை விட்டுவிட்டு, சொம்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இதத் தேய்க்கட்டா வேணாமா சார்?"

"வேணாம்."

ஹாலுக்கு வந்தார். சுவர்த் தாளில் வரிசை வரிசையாக டிக். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. செத்த நத்தைகளையும் இறாலையும் பவளத்தையும் அவர் கையாலேயே வலையில் எடுத்து வெளியே போட்டிருந்தார். அவள் குடிக்கவில்லை, குடிக்கவில்லை என்று தொட்டி நாலு மாதம் அவர் எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஊதுபத்தியைத் தடை செய்தார்.

ஹர்ஷாவுக்கு போன் போட்டுச் சொன்னார். அவன் வாழ்க்கை முறை பற்றி எதுவும் பேசவில்லை. "அந்தக் கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க சார். செம்பு கல்லுக்குள்ள இறங்கிடும். இனி அதுல பவளம் நிக்காது. புதுசா ஆரம்பிக்கலாம், நான் கூட வந்து நிக்கிறேன்" என்றான்.

"மீனு?"

"மீனுக்கு ஒண்ணும் ஆகாது சார். அது பாட்டுக்கு இருக்கும்."

"அப்ப இருக்கட்டும். கல்லும் இருக்கட்டும்."

விஷயம் தெரியாத உறுப்பினர் ஒருவர் அதே நேரம் குழுவில் எழுதியிருந்தார்: 'அந்தோணிசாமி சாரின் இழப்பு பூஜ்ய மூடி பற்றி இந்த ஞாயிறு செய்முறை விளக்கம் வைக்கலாமா?' கீழே பதினாறு கட்டைவிரல்கள். அந்தோணிசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் அடித்தார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் ஆகச் சின்ன அறிக்கை அதுதான். தலைப்பு இல்லை, பக்க எண் இல்லை.

'அந்த மூடியால் பயன் இல்லை. தண்ணீர் தினமும் குறைந்தது. என் மனைவி ஊற்றிக்கொண்டிருந்தாள்.'

இரண்டு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் ஆழ்ந்த இரங்கல் என்றார். ஒருவர் கைதட்டினார், பாவம், தவறாக அழுத்தியிருப்பார். இன்னொருவர் கேட்டார்: 'அப்ப மூடி கிடைக்காதா சார்?'

மறுநாளும் அவர் சங்கத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆர்.ஓ. தண்ணீரைப் பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே வந்து நின்றார். மூன்றே எட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இந்த மூன்று எட்டை அவள் எத்தனை நாள் நடந்திருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பேபி விரலை மடக்கி நிறுத்திக்கொண்ட மாதிரி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூடியைத் தூக்கினார். மீன்கள் ஓடிவந்தன. செக்ரட்டரி முதலில், ஜாயின்ட் செக்ரட்டரி பின்னால். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. அவள் என்ன பேசுவாள் என்று பச்சையம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஊற்றினார். உப்புப் பூத்த இடம் நனைந்து கரைந்தது. தண்ணீர் ஏறிக் கோட்டைத் தொட்டது. நிறுத்துவதற்குள் ஒரு விரற்கடை மேலே போய்விட்டது.

பேபி ஒரு நாள்கூடக் கோட்டைத் தாண்டி ஊற்றியதில்லை.